பன்னாட்டு வணிகம் படிப்பவர்களுக்கு ஆங்கிலத் தொடர்புத்திறன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னாட்டு வணிகம் படிக்கப் போகிறவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் ஆங்கிலம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இலக்கணப் பாடம் இங்கே கிடையாது. வகுப்பு, குழு வேலை, மின்னஞ்சல், பேரம், நேர்முகத் தேர்வு என்று ஆங்கிலத்தை வைத்து வேலை நடத்தியாக வேண்டிய இடங்களைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் சொன்னது எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா, புரிந்து அடுத்த வேலையை அவர் செய்தாரா?

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டேன். அப்புறமும் வகுப்பில் ஏன் திணறுகிறேன்?

அந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறதோ அதில் தேறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். எதிரில் ஒரே ஒரு தேர்வாளர். நடுப்பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து, யோசித்துக்கொள்ள 1 நிமிடமும் தருவார். நீங்கள் சொல்வதை மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை. எழுத்துத் தேர்வில் 150 சொல்லுக்குக் குறையாமல் ஒன்று, 250 சொல்லுக்குக் குறையாமல் ஒன்று எழுதுகிறீர்கள். படிப்பவர் அதை வைத்து முதலீடு செய்யப்போவதுமில்லை, சரக்கு அனுப்பப்போவதுமில்லை.

வகுப்பில் நிலைமையே வேறு. பல நாட்டு ஆக்சென்ட்கள் ஒரே நேரத்தில் காதில் விழும். நீங்கள் மனதில் வாக்கியம் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவியிருக்கும். பாதியில் ஒருவர் குறுக்கே வருவார், இன்னொருவர் உங்கள் கணக்கையே தவறு என்பார். இதையெல்லாம் சமாளிக்கத் தேர்வு பழக்கித் தரவில்லை. ஆகவே உங்கள் ஆங்கிலம் திடீரென்று கெட்டுப்போய்விட்டதாக நினைக்காதீர்கள். புதிய சூழலுக்கு வேறு பயிற்சி வேண்டும், அதைத் தொடங்க வேண்டும்.

எந்த அளவு ஆங்கிலம் இருந்தால் போதும்?

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் என்ற அளவுகோல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. ஐஇஎல்டிஎஸ் கணக்கில் 5.5 முதல் 6.5 வரை பி2, 7 முதல் 8 வரை சி1. ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் வணிகப் பள்ளிகள் பெரும்பாலும் 6.5 அல்லது 7 கேட்கும். பி2-இல் இருப்பவரால் பாடத்தைப் பின்தொடர முடியும். வாதம் செய்யும்போதுதான் மூச்சு வாங்கும். சி1-இல் வாதமும் ஓரளவு கைவரும். மதிப்பெண் பொதுவாக 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும் என்பதால், சேரும் தேதியைப் பார்த்துத் தேர்வு எழுதுங்கள்.

உச்சரிப்பை வெள்ளைக்காரர்போல் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எத்தனையோ பேர் காசையும் காலத்தையும் இதில்தான் கரைக்கிறார்கள்.

ட்ரேசி டெர்விங், மர்ரே மன்ரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களிலிருந்து இதை ஆராய்ந்துவருகிறார்கள். 1995-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவானது: அயல்நாட்டு ஆக்சென்ட் பலமாக இருக்கும் பேச்சும் கேட்பவருக்கு முழுதாகப் புரியக்கூடும். ஆக்சென்ட் இருப்பது வேறு, புரியாமல் போவது வேறு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எங்கே தடுக்குகிறது என்பதை ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-இல் எழுதினார். ‘திங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலி சரியாக வராததால் அவ்வளவாகக் குழப்பம் வரவில்லை. மற்ற மெய்யொலிகள் மாறும்போது, குறிலும் நெடிலும் கலங்கும்போது, வாக்கியத்தில் அழுத்தம் தவறான சொல்லில் விழும்போது குழப்பம் வந்தது.

தமிழ் பேசுபவர்களுக்குக் குறில் நெடில் ரத்தத்திலேயே இருக்கிறது. கப்பலுக்கு ‘ஷிப்’, ஆட்டுக்கு ‘ஷீப்’ என்பதில் நமக்குத் தடுமாற்றம் இல்லை. நம் கவனம் போக வேண்டியது தொண்டை அதிராமல் வரும் ஒலிக்கும் அதிர்ந்து வரும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டில். இலக்கு என்ற சொல்லையும் நிலக்கரி என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சொல்லித் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கோல்’ ஆகிவிடுகின்றன. எரிசக்தி நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தொண்டை அதிர்வது எது, அதிராதது எது என்று கையைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பழகினால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது எண்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதில் தவறு நேரும். தள்ளுபடி 15 சதவீதமா 50 சதவீதமா என்பது பேரத்தில் சின்ன விஷயமா? எண்ணைச் சொன்ன கையோடு இலக்கம் இலக்கமாக ‘ஒன் ஃபைவ்’ என்று இன்னொரு முறை சொல்லுங்கள். பேசி முடித்ததும் அதே எண்ணை மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள்.

கேஸ் ஸ்டடி வகுப்பில் வாய் திறக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

1908-இல் தொடங்கிய ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1920-களில் வளர்த்தெடுத்த பாடமுறை இது. ஒரு நிறுவனத்தின் சிக்கலை முன்வைத்து, ‘நீங்கள் அந்த மேலாளராக இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள்?’ என்று கேட்பார்கள். இன்று உலகம் முழுக்க வணிகப் பள்ளிகளில் இது பரவியிருக்கிறது. வகுப்பில் பேசுவதற்கே மதிப்பெண்ணில் பெரிய பங்கு ஒதுக்கும் பாடங்கள் நிறைய உண்டு. சில ஆசிரியர்கள் கை தூக்காதவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கச் சொல்வார்கள்.

தயக்கமுள்ள மாணவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முந்தின இரவே அழகான வாக்கியங்களாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். வகுப்பில் விவாதம் வேறு பக்கம் போய்விடும், மனப்பாடம் செய்தது பயன்படாது. வாக்கியங்களைத் தயார் செய்யாதீர்கள். எண்களைத் தயார் செய்யுங்கள். கேஸின் பின்னிணைப்பு அட்டவணைகளில் யாரும் எட்டிப் பார்க்காத மூன்று எண்களை எடுத்து, அவற்றிலிருந்து ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையில் கணக்கு இருந்தால் ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் வகுப்பு காது கொடுக்கும்.

ஒரு கற்பனை உதாரணம். காலணி செய்யும் நிறுவனம் வேறு நாட்டில் தொழிற்சாலை திறக்கலாமா என்று விவாதம் நடக்கிறது. ஒருவர் அந்த நாட்டின் கூலியைப் பேசுகிறார், இன்னொருவர் பிராண்டைப் பேசுகிறார். நீங்கள் கை தூக்கிச் சொல்கிறீர்கள்: “நான்காவது அட்டவணையைப் பாருங்கள். கூலியில் ஒரு ஜோடிக்கு 2 டாலர் மிச்சமாகிறது. ஆனால் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து 3 டாலர் கூடுகிறது. கூலியைக் காரணமாகச் சொல்லி அங்கே போக முடியாது.” நான்கு எளிய வாக்கியங்கள். இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல ஆறாம் வகுப்பு இலக்கணம் போதும். அந்த வகுப்பில் இதற்குப் பிறகு பேசும் எல்லாரும் உங்கள் எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நேரமும் முக்கியம். விவாதம் முற்றிய பிறகு நுழைவது தாய்மொழிக்காரருக்கே கடினம். முதல் 10 நிமிடத்துக்குள் சின்னதாக ஏதாவது பேசிவிடுங்கள். கேஸில் உள்ள ஒரு தகவலைச் சுட்டிக்காட்டினாலும் போதும். குரல் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் இரண்டாவது முறை அவ்வளவு பாரமாக இருக்காது.

நுழைவதற்கும் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கும் சில தொடர்களை நாக்கில் பழக்கிவிடுங்கள். ஒருவர் பேச்சோடு சேர்த்துப் பேச ‘கேன் ஐ பில்ட் ஆன் தட்’. மாற்றுக் கருத்துக்கு ‘ஐ சீ இட் எ பிட் டிஃபரன்ட்லி’. யாராவது குறுக்கிட்டால் ‘லெட் மி ஜஸ்ட் ஃபினிஷ் திஸ் பாயின்ட்’. இவை யோசிக்காமல் வாயில் வந்துவிட்டால், மூளைக்கு அந்த ஓரிரு விநாடி ஓய்வு கிடைக்கும். சொல்ல வந்த விஷயத்தை அதற்குள் கோத்துக்கொள்ளலாம்.

புரியவில்லை என்று சொன்னால் மரியாதை போகாதா?

போகாது, ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம்.

ஆலன் ஃபர்த் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு தொலைபேசி உரையாடல் வருகிறது. டென்மார்க்கில் இருந்து பாலாடைக்கட்டி ஏற்றுமதி செய்பவரும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் பேசுகிறார்கள். இருவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சுங்கக் கிடங்கில் கிடக்கும் பாலாடைக்கட்டி ‘ப்ளோயிங்’ ஆகிறது என்கிறார் வாடிக்கையாளர். ஏற்றுமதியாளருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பின்னால் விளங்கிவிடும் என்ற நம்பிக்கையில். பிறகு, இதற்கு நாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தெரிந்ததும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நேராகக் கேட்டுவிடுகிறார். புளித்துக் கெட்டுப்போகிறது என்று பதில் வருகிறது. வேலை தொடர்கிறது.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை; சிலவற்றை விட்டுவிடலாம். பணம், தேதி, அளவு, பொறுப்பு ஆகியவற்றைத் தொடும் சொல்லை மட்டும் ஒருக்காலும் விடக்கூடாது. கேட்கும்போது மொத்தமாக ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்று நிறுத்தினால் எதிராளி எல்லாவற்றையும் முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொல்வார். “டெலிவரி தேதி வரை புரிந்தது, அதன் பிறகு அபராதம் பற்றிச் சொன்னது பிடிபடவில்லை” என்று இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கூர்ந்து கேட்கிறவர் என்ற பெயர்தான் உங்களுக்குக் கிடைக்கும். அவர் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்பது இன்னும் நல்லது.

மனதுக்குள் தமிழில் யோசித்து மொழிபெயர்க்கிறேன். இது தவறா?

தவறில்லை. கணக்கையும் வியூகத்தையும் தமிழில் யோசியுங்கள், ஆழமாகவே யோசிக்க முடியும். வாக்கியத்தை மட்டும் சொல் சொல்லாக மொழிபெயர்க்க வேண்டாம். செலவை ‘இன்கர்’ செய்கிறோம், முதலீட்டை ‘ரெய்ஸ்’ செய்கிறோம், தேவையை ‘மீட்’ செய்கிறோம். இப்படிச் சேர்ந்தே வரும் சொற்களை ஜோடியாகவே குறித்து வையுங்கள், தனித்தனியாக வேண்டாம்.

மின்னஞ்சல் எழுத அரை மணி நேரம் ஆகிறது. பதிலும் வருவதில்லை. எங்கே கோளாறு?

பெரும்பாலும் வரிசையில். தமிழில் காரணத்தை முதலில் அடுக்கி, முடிவைக் கடைசியில் சொல்வது இயல்பு. நம் வினைச்சொல்லே வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து உட்காருகிறது. ஆங்கில வணிகக் கடிதத்தில் படிப்பவர் முதல் இரண்டு வரியில் ‘என்ன வேண்டும் இவருக்கு?’ என்று தேடுவார். அங்கே இல்லையென்றால் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்.

ஒரு மாணவி ஆய்வுத் திட்டத்துக்காக ஒரு நிறுவன மேலாளருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வடிவம்: தான் யார், எந்தக் கல்லூரி, பாடத்தின் நோக்கம், அந்த நிறுவனத்தின் மேல் தனக்குள்ள மதிப்பு, இப்படியே மூன்று பத்தி. கடைசி வரியில், “நேரம் இருந்தால் தயவுசெய்து உதவவும்.” என்ன உதவி, எவ்வளவு நேரம், எப்போதுக்குள் என்பது எதுவும் இல்லை. மேலாளர் நல்லவராகவே இருந்தாலும் என்ன பதில் எழுதுவது என்று அவருக்குத் தெரியாது.

இரண்டாவது வடிவத்தில் பொருள் வரியே பேசுகிறது: ‘ஏற்றுமதித் தாமதம் குறித்து 20 நிமிட உரையாடல், மே 12 முதல் 16-க்குள்’. முதல் வரியில் கோரிக்கை. இரண்டாவது வரியில் தான் யார், எதற்காகக் கேட்கிறார். பிறகு மூன்று கேள்விகள். கடைசியில், அவர் தேர்ந்தெடுக்க வசதியாக இரண்டு நேரங்கள். இதற்கு ‘ஓகே, செவ்வாய்’ என்று இரண்டே சொல்லில் பதில் எழுதலாம். படிப்பவரின் வேலையைக் குறைப்பதுதான் அங்கே மரியாதை. ‘ரெஸ்பெக்டட்’, ‘கைண்ட்லி’, ‘டூ த நீட்ஃபுல்’ என்று அடுக்குவதால் அந்த மரியாதை கூடிவிடாது.

தேதியை 03/04 என்று எழுதாதீர்கள். பிரிட்டனில் அது ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினால் பிரச்சினையே இல்லை. நேரம் சொன்னால் எந்த நாட்டு நேரம் என்பதையும் சேருங்கள். லட்சம், கோடி எல்லாருக்கும் புரியாது, மில்லியனுக்கு மாற்றிவிடுங்கள். 1 மில்லியன் என்பது 10 லட்சம், 1 கோடி என்பது 10 மில்லியன். தொகைக்குப் பக்கத்தில் டாலர் என்று மட்டும் எழுதினால் போதாது. அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் தனித்தனி டாலர் உண்டு.

எளிமையாக எழுதினால் தரம் குறைந்துவிடும் என்ற பயத்தை விடுங்கள். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையம் 1998-இல் நிறுவனங்களுக்காக எளிய ஆங்கிலக் கையேடு ஒன்றை வெளியிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் முதலீட்டாளர் வாரன் பஃபெட். தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் ஆண்டறிக்கையை எழுதுவதாக அதில் சொல்கிறார். அவர்கள் அறிவாளிகள், ஆனால் கணக்கியலில் நிபுணர்கள் அல்ல. உங்கள் மின்னஞ்சலுக்கும் அப்படி ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

சொல்வளத்தை எப்படிப் பெருக்குவது?

ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். மிகச் சாதாரணமான 2,000 சொற்குடும்பங்களை விட்டுவிட்டு, பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வருபவற்றை எடுத்திருக்கிறார். பாடநூல் மொழியில் சுமார் 10 சதவீதம் இந்தச் சொற்களே. இதிலிருந்து தொடங்குவது லாபம். அரிய சொற்களைத் தேடி மனப்பாடம் செய்வது வேண்டாத வேலை.

பிறகு தொழில் சொற்கள். இங்கே பொருளை மேலோட்டமாகத் தெரிந்துகொள்வது ஆபத்து. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே செலவையும் அபாயத்தையும் பிரித்துக் காட்டும் இன்கோடெர்ம்ஸ் விதிகளைப் பன்னாட்டு வர்த்தக சபை 1936 முதல் வெளியிட்டுவருகிறது. அவற்றின் 2020 பதிப்பில் 11 விதிகள் உள்ளன. அதில் சிஐஎஃப் என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கூலியையும் காப்பீட்டையும் விற்பவர் கட்டுகிறார். ஆகவே சரக்கு போய்ச் சேரும்வரை பொறுப்பும் அவருடையதே என்று பல மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். உண்மையில், ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே இழப்பின் அபாயம் வாங்குபவர் தலைக்குப் போய்விடுகிறது. செலவு ஒருவருக்கு, அபாயம் இன்னொருவருக்கு. இந்த நுணுக்கத்தை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்தில் விளக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடிந்தால் சொல் உங்களுடையது.

வாங்குபவருக்காக விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி எழுதிக் கொடுக்கும் கடன் கடிதத்திலும், அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட்டிலும், இப்படித்தான். கடன் கடிதங்களுக்கென்று 2007 முதல் நடைமுறையில் இருக்கும் யுசிபி 600 விதிகளின்படி வங்கி ஆவணங்களைத்தான் பார்க்கிறது, சரக்கை அல்ல. இன்வாய்ஸில் சரக்கின் விவரம் கடன் கடிதத்தோடு பொருந்தாவிட்டால் பணம் நிற்கக்கூடும். அதனால்தான் அங்கே புதுப்புதுச் சொற்களைப் போட்டு நடையை அழகுபடுத்தக் கூடாது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர், கடைசிவரை அதே பெயர்.

குழு வேலையில் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்களே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறார்கள். நான் என்ன செய்வது?

முதலில், எக்செல்லையும் ஸ்லைடையும் மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பேசத் தயங்குபவர்கள் முதல் கூட்டத்திலேயே ‘கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேலை அருமையாக முடியும். ஆனால் படிப்பு முடியும்வரை அவர்கள் ஒரு கூட்டத்தைக்கூட நடத்தியிருக்க மாட்டார்கள், வாடிக்கையாளரோடு பேசியிருக்க மாட்டார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது வலிக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள்.

கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பு எழுதுபவர் ‘ஒரு நிமிடம், இதை எப்படி எழுதிக்கொள்ளட்டும்?’ என்று யாரையும் நிறுத்திக் கேட்கலாம், அது அவர் வேலை. எல்லாரும் நிதானமாவார்கள். பேச்சு தெளிவாகும். முடிவுகள் உங்கள் சொற்களில் பதிவாகும். கூட்டத்துக்கு முந்தின நாளே பேச வேண்டியவற்றை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். யோசித்து வர உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஃபின்லாந்தைச் சேர்ந்த லீனா லோஹியாலா சால்மினென் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஸ்வீடன், ஃபின்லாந்து நிறுவனங்கள் இணைந்தபோது ஊழியர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று ஆராய்ந்து 2005-இல் எழுதினார்கள். அங்கே புழங்கிய ஆங்கிலம் யாருக்கும் தாய்மொழி அல்ல. எல்லாருக்கும் பொதுவான வேலைக்கருவி. பல நாட்டவர் கூடும் அறையில் வேகமாக, மரபுத்தொடர்களை அள்ளி வீசிப் பேசுபவரும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். அவரிடம் ‘கொஞ்சம் மெதுவாக’ என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

ப்ரெசன்டேஷனை மனப்பாடம் செய்யலாமா?

முதல் இரண்டு வாக்கியம், கடைசி ஒரு வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் என்ற வேகம் பல நாட்டவர் இருக்கும் அறைக்குப் பொருந்தும். அதாவது 10 நிமிடத்துக்கு 1,300 சொற்கள்தான். நீங்கள் எழுதி வைத்திருப்பது 2,000 சொல் என்றால், வேகமாகப் பேசுவதற்குப் பதில் வெட்டுங்கள். வரைபடம் காட்டும்போது முதலில் அச்சுகள் எதைக் குறிக்கின்றன என்று சொல்லி, பிறகு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டி, அதன் பிறகே உங்கள் கருத்துக்கு வாருங்கள். கேள்வி நேரத்துக்கு ஒத்திகை பார்க்காமல் போகாதீர்கள்; நண்பர் ஒருவரை எரிச்சலூட்டும் கேள்விகளாகக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

நெட்வொர்க்கிங் நிகழ்ச்சியில் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

கேள்வி கேளுங்கள். எதிராளியின் வேலை பற்றி ஒரு உண்மையான கேள்வியோடு போனால் போதும். வயது, சம்பளம், திருமணம் பற்றி வேண்டாம்.

நேர்முகத் தேர்வுக்குத் தனியாக ஏதாவது?

சூழ்நிலை, பொறுப்பு, செய்த வேலை, கிடைத்த பலன் என்ற வரிசையில் பதில் சொல்வதை ‘ஸ்டார்’ முறை என்பார்கள். இதில் நம்மவர்கள் சறுக்கும் இடம் மூன்றாவது. அடக்கம் கருதி ‘நாங்கள் செய்தோம்’ என்றே சொல்லி முடித்துவிடுவார்கள். குழுவைப் பாராட்டுங்கள், ஆனால் உங்கள் கைப்பட நடந்தது எது என்பதை ‘ஐ’ போட்டுச் சொல்லுங்கள். தேர்வு செய்பவர் வேலைக்கு எடுக்கப்போவது உங்களை.

சாட்ஜிபிடி போன்ற ஏஐ கருவிகளை வைத்தே எழுதிக்கொள்ளலாமா?

நீங்கள் எழுதியதைத் திருத்திக் காட்டவும், அது ஏன் தவறு என்று கேட்கவும் அவை நல்ல துணை. உங்களுக்குப் பதிலாக எழுத வைத்தால், பெயர் சொல்லிக் கூப்பிடும் வகுப்பிலும் நேர்முக அறையிலும் கையில் ஒன்றும் இருக்காது. எந்த அளவு அனுமதி என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இன்டர்ன்ஷிப்பில் நிறுவனத்தின் விலைப்பட்டியலையோ ஒப்பந்தத்தையோ அனுமதியில்லாமல் அவற்றில் ஒட்டவே கூடாது.

தினமும் எதைக் கேட்டு, எதைப் படித்துப் பழகுவது?

என் முதல் பரிந்துரை, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களின் காலாண்டு முடிவு உரையாடல்கள். முதலீட்டாளர்களுக்கான இணையப் பக்கத்தில் பல நிறுவனங்கள் ஒலிப்பதிவை இலவசமாக வைக்கின்றன. எழுத்து வடிவம் கிடைப்பதும் உண்டு. முதல் பகுதியில் நிர்வாகிகள் எழுதி வைத்ததை வாசிப்பார்கள், அதை விட்டுவிடலாம். இரண்டாம் பகுதிதான் புதையல்: பல நாட்டு ஆய்வாளர்கள் கேள்வி கேட்க, நிதித் தலைவர் அந்த இடத்திலேயே பதில் சொல்கிறார். சங்கடமான கேள்வியை அவர் எப்படி ஏற்றுக்கொள்கிறார், எண்ணை எப்படிச் சொல்கிறார், ‘இதற்கு இப்போது பதில் சொல்ல முடியாது’ என்பதை எவ்வளவு பக்குவமாகச் சொல்கிறார் என்று கவனியுங்கள். ஒரு கேள்வி முடிந்ததும் ஒலியை நிறுத்தி, நீங்கள் பதில் சொல்லிப் பதிவு செய்துவிட்டு, பிறகு அவர் பதிலைக் கேளுங்கள்.

பதிவு செய்த உங்கள் குரலை ஒருமுறை எழுத்தில் இறக்கிப் பாருங்கள். எந்த வாக்கியம் முடியாமல் தொங்குகிறது, எந்தச் சொல்லை ஊன்றுகோலாகத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறீர்கள் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டால் பன்னாட்டு நிறுவனத்தில் தொடர்புச் சிக்கல் தீர்ந்ததா?

இல்லை. ஜப்பானின் இணைய வணிக நிறுவனமான ரகுடெனில் இது கண்கூடாக நடந்தது. அதன் தலைவர் ஹிரோஷி மிகிடானி 2010-இல் ஆங்கிலமே அலுவல் மொழி என்று அறிவித்தார். உணவகத்தின் மெனுவும் லிஃப்டின் பெயர்ப்பலகையும்கூட ஆங்கிலத்துக்கு மாறின. ஊழியர்கள் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுக்க 2012 வரை அவகாசம் தரப்பட்டது. இந்த மாற்றத்தை ஆராய்ந்த ஹார்வர்ட் பேராசிரியை செடால் நீலி கண்டது சுவாரசியமானது: மொழியில் எந்தச் சிரமமும் இல்லாத அமெரிக்க ஊழியர்களுக்கும் வேறு வகையில் சிரமம் வந்தது. மொழி ஒன்றானதும் ஜப்பானியத் தலைமையகத்தின் வேலை முறைகள் நேரடியாக அவர்களிடம் வந்து சேர்ந்தன, அவற்றுக்கு அவர்கள் பழக வேண்டியிருந்தது.

ஆகவே யாரோடு வேலை செய்கிறீர்களோ அவர்கள் எப்படி மறுப்பைத் தெரிவிக்கிறார்கள், கூட்டத்தில் முடிவெடுக்கிறார்களா அல்லது அதற்கு முன்பே பேசி முடித்துவிடுகிறார்களா, மௌனத்துக்கு அங்கே என்ன பொருள் என்பதையெல்லாம் ஆங்கிலத்தோடு சேர்த்தே கற்க வேண்டும். வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமே இதைக் கேட்கலாம்.

முன்னேறுகிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மறுபடியும் தேர்வு எழுத வேண்டாம். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் எத்தனைக்கு ‘என்ன சொல்ல வருகிறீர்கள்?’ என்று திரும்பி வந்தது என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள். கேஸ் வகுப்பில் உங்கள் கருத்தை வேறொருவர் எடுத்துத் தொடர்ந்து பேசினாரா என்று குறித்து வையுங்கள். குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு தோழரிடம், நீங்கள் சொன்ன முக்கியமான விஷயம் எது என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதும் நீங்கள் சொல்ல நினைத்ததும் ஒன்றாக இல்லாவிட்டால், எந்த வாக்கியத்தில் பிரிந்தது என்று அவரோடு உட்கார்ந்து தேடுங்கள். அடுத்த வாரப் பயிற்சியை அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.